போயிட்டு வரேன் என்றவருக்கு ஒரே ஒரு நட்சத்திரம்

என் கணவர் வாயில்லாப் பூச்சி. இதைக் குறையாகச் சொல்லவில்லை. கல்யாணமான நாளிலிருந்து வீட்டில் இரண்டு பேருக்குமான பேச்சை நான் ஒருத்தியே பேசி வருகிறேன். அதில் எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. ஆனால் வெளிநாட்டுக்காரர்களை வேனில் ஏற்றிக்கொண்டு போய் ஊர் காட்டுகிற தொழிலுக்குக் கொஞ்சமாவது வாய் வேண்டாமா? அவருக்கு வந்த முதல் ரிவ்யூவே அதைத்தான் கேட்டது. "வண்டி சுத்தம். சாப்பாடு அருமை. டிரைவர் பேசினாரா என்று ஞாபகமில்லை." மூன்று நட்சத்திரம்.

அதை வாசித்துக் காட்டினேன். "வண்டி சுத்தம்னு எழுதியிருக்காங்கள்ல" என்று சொல்லிவிட்டுத் துணி காயப்போடப் போய்விட்டார்.

எனக்கு இந்தப் பயணத் தொழில் புதிதல்ல. தலைநகரில் தமிழ்க் கடைகள் நிறைந்த பிரிக்பீல்ட்ஸில், ஒரு கடைவீட்டு மாடியில் இருந்த விமான டிக்கெட் ஆபீஸில் நான் பல வருஷம் வேலை செய்தவள். சென்னைக்கும் திருச்சிக்கும் போகிறவர்கள் மாடி ஏறி வந்து என் மேசைக்கு முன்னால் உட்கார்ந்து, யார் வீட்டுக் கல்யாணம், யாருக்கு உடம்பு முடியவில்லை என்பது வரைக்கும் சொல்லிவிட்டுத்தான் தேதியைச் சொல்வார்கள். அப்போதும் ரிவ்யூ இருந்தது. கீழே வாழையிலைச் சாப்பாட்டுக் கடையில் யாராவது சத்தமாக, "மேல இருக்கிற அந்த அக்காகிட்ட போங்க, ஜன்னல் சீட்டா பார்த்துக் கொடுக்கும்" என்பார்கள். எனக்குக் கோபம் வந்தால் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொள்வேன் என்பதையும் அதே கடையில் அதே சத்தத்தில்தான் சொல்வார்கள். சொன்னவர் யார், அவர் பேச்சை எவ்வளவு நம்பலாம் என்பது எல்லாருக்கும் தெரியும். அதில்தான் ஒரு நியாயம் இருந்தது.

பிறகு ஒவ்வொருவராகக் கையில் போனோடு மாடி ஏறி வந்தார்கள். "இதுல இன்னும் மலிவா காட்டுதே அக்கா" என்று என்னிடமே நீட்டிக் காட்டினார்கள். அப்புறம் மாடி ஏறுவதையே விட்டுவிட்டார்கள். ஆபீஸை மூடிய அதே சமயத்தில் என் கணவர் பஸ் ஓட்டிக்கொண்டிருந்த டூர் கம்பெனியிலும் குழுக்கள் குறைந்தன. பயணிகள் அவரவர் படுக்கையில் படுத்தபடியே ரூமும் காரும் பார்த்துக்கொள்ள ஆரம்பித்த பிறகு, கொடியைப் பிடித்துக்கொண்டு நாற்பது பேரை இழுத்துப் போகிற வழிகாட்டிக்கும் வேலையில்லை, அவர்களை ஏற்றிப் போகிற பஸ்ஸுக்கும் வேலையில்லை.

அவர் ஒரு பழைய வேனை வாங்கினார். நான் இணையத்தில் ஒரு பயணத் தளத்தில் அவருக்காகப் பக்கம் திறந்தேன். என் இங்கிலீஷ், அவர் வண்டி. "கிள்ளான் ஒரு நாள்" என்று தலைப்பு வைத்தேன். காலையில் ஹோட்டலுக்கே போய் ஏற்றிக்கொள்வது, கிள்ளானில் பசியாறுவது, பூக்கடையும் புடவைக் கடையும் பார்ப்பது, பிறகு அவர் பிறந்து வளர்ந்த கேரி தீவுக்குப் போய் எண்ணெய்ச் செம்பனைத் தோட்டத்துக்குள் சுற்றுவது, கடலோரத்தில் மீன் சாப்பாடு, சாயங்காலம் பிரிக்பீல்ட்ஸில் இறக்கிவிடுவது. "பயணம் பிரிக்பீல்ட்ஸ் நீரூற்று அருகே முடியும்" என்று கடைசி வரியில் தெளிவாகத்தான் எழுதியிருந்தேன். கடைசி வரி வரைக்கும் யார் படிக்கிறார்கள்?

கேரி தீவில் மட்டும் மனுஷன் இரண்டு வார்த்தை பேசுவார் என்று கேள்வி. ஒரு ஜப்பானியப் பெண் எழுதியிருந்தாள்: "ஒரு மரத்தடியில் வண்டியை நிறுத்தி, 'மை ஸ்கூல்' என்றார். அங்கே பள்ளிக்கூடம் இல்லை. மரம்தான் இருந்தது. எனக்குப் பிடித்திருந்தது." ஐந்து நட்சத்திரம். அந்த ரிவ்யூவை நான் எத்தனை பேருக்கு அனுப்பினேன் என்று கேட்காதீர்கள்.

இப்படி மூன்றும் ஐந்துமாக வண்டி உருண்டுகொண்டிருந்தபோதுதான் நியூசிலாந்திலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். அந்தப் பெரியவர் நெட்டையாக, குனிந்துதான் வேனில் ஏற வேண்டியிருந்ததாம். அந்த அம்மா நாள் முழுக்கத் தொப்பியைக் கழற்றவே இல்லையாம். நல்ல மாதிரி, கேட்டுக் கேட்டுச் சாப்பிட்டார்கள் என்று வீட்டுக்கு வந்து என்னிடம் சொன்னார். அவர் தானாக இவ்வளவு சொன்னதே எனக்கு ஆச்சரியமாக இருந்தது. மறுநாள் சாயங்காலம் ரிவ்யூ வந்தது. ஒரே ஒரு நட்சத்திரம்.

"நாள் முழுக்க அருமையாக இருந்தது. கடைசியில் எங்களை ஒரு நீரூற்றுப் பக்கத்தில் இறக்கிவிட்டு, 'ஐ கோ அண்ட் கம்' என்று டிரைவர் தெளிவாகச் சொன்னார். நாங்கள் அங்கேயே நின்றோம். மழை வந்தது. இருட்டியது. அவர் வரவே இல்லை. சொன்ன வார்த்தையைக் காப்பாற்றத் தெரியாதவரோடு யாரும் பயணம் செய்யாதீர்கள்."

எனக்குக் கண்மண் தெரியாமல் கோபம் வந்தது. அவரைக் கூப்பிட்டேன்.

"கிளம்பும்போது அவங்ககிட்ட என்ன சொன்னீங்க?"

"என்ன சொல்வாங்க? போயிட்டு வரேன்னு சொன்னேன்."

"இங்கிலீஷ்ல?"

"இங்கிலீஷ்லதான். ஐ கோ அண்ட் கம்னு."

தலையில் அடித்துக்கொண்டேன். அடித்துக்கொண்டே சிரித்தேன், சிரித்துக்கொண்டே அழுகையும் வந்தது. நம்மில் யார்தான் "போறேன்" என்று மொட்டையாகச் சொல்லிவிட்டு வாசலைத் தாண்டுவோம்? பக்கத்து அடுக்குமாடி புளோக்குக்குக் கறிவேப்பிலை வாங்கப் போனாலும் போயிட்டு வரேன். துக்க வீட்டைத் தவிர வேறு எங்கேயும் சொல்லாமல் கிளம்ப மாட்டோம். "நான் போறேன்" என்று அவர் பயணிகளிடம் சொல்லவேண்டுமென்றால் யாராவது அவர் தொண்டையைப் பிடிக்க வேண்டும். ஆனால் 'ஐ கோ அண்ட் கம்' என்றால் இங்கிலீஷில் நிஜமாகவே திரும்பி வருவதாக அர்த்தம் என்று அவருக்கும் தோன்றவில்லை, இங்கிலீஷ் தெரிந்த எனக்கும் தோன்றவில்லை.

உடனே பதில் எழுத உட்கார்ந்தேன். பயணம் எங்கே முடியும் என்று பக்கத்தில் எழுதியிருக்கிறதே, கண் எங்கே போனது என்று வாய்க்கு வந்தபடி தட்டினேன். அவர் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றார். நான் எழுதியதை அவர் பார்க்கவே இல்லை.

"மழையிலயா நின்னாங்க?"

"ஆமா. அப்படித்தான் போட்டிருக்காங்க."

"அந்தப் பெரியவருக்கு முட்டி வலி. படியிறங்கக் கஷ்டப்பட்டாரு." என் தோளில் கை வைத்தார். "அதை அனுப்பாதே."

அனுப்பவில்லை. ஆனால் அதற்குள் இன்னொரு கூத்து நடந்துவிட்டது. கிள்ளானில் இருக்கிற என் நாத்தனாருக்கு, அதாவது என் கணவரின் அக்காவுக்கு, கோபத்தில் அந்த ரிவ்யூவைப் படம் பிடித்து அனுப்பித் தொலைத்தேன். தம்பியை எவனோ ஒருவன் வார்த்தை தவறியவன் என்று எழுதிவிட்டான் என்றதும் அவர் குடும்பக் குழுவில் எல்லாரையும் எழுப்பிவிட்டார். காலைக்குள் எங்கள் பக்கத்தில் பதினோரு ரிவ்யூ. எல்லாம் ஐந்து நட்சத்திரம். எல்லாம் மாப்பிள்ளை பார்க்க வந்தவர்களிடம் சொல்கிற மாதிரி.

"எங்கள் தம்பி ரொம்ப அமைதி. குடி கிடையாது. பெரியவர்களிடம் மரியாதை." இது நாத்தனார். "மாமா நல்லா படிச்சிருக்கலாம், வீட்டு நிலைமை அப்படி." இது அவருடைய மகள். செந்தூலில் எங்கள் பக்கத்து புளோக்கில் இருக்கிற சித்தப்பா ஒருவர், "நல்ல குடும்பம், தாராளமாகப் போகலாம்" என்று முடித்திருந்தார். ஒருவர்கூட வேனில் ஏறியதாக எழுதவில்லை.

தளத்துக்கு மூளை இருக்கிறது. மத்தியானத்துக்குள் பதினொன்றையும் துடைத்துவிட்டு, பொய் ரிவ்யூ சேர்த்ததற்கு எச்சரிக்கை அனுப்பியது. இன்னொரு முறை நடந்தால் பக்கத்தையே எடுத்துவிடுவார்களாம். ஜப்பானியப் பெண்ணின் மரத்துக்கு மேலே, எல்லாருக்கும் முதலில் தெரிகிற மாதிரி அந்த ஒற்றை நட்சத்திரம் உட்கார்ந்துகொண்டது. வரவேண்டிய இரண்டு குடும்பங்கள் அன்றைக்கே புக்கிங்கை ரத்து செய்தன.

நாத்தனாரைக் கூப்பிட்டுக் கத்தினேன். அவர் கொஞ்சமும் அசரவில்லை. "ஏம்மா, நாங்க எழுதினதுல எது பொய்? குடிக்கிறானா அவன்?" என்றார். போனை வைத்துவிட்டேன்.

அன்று சாயங்காலம் சட்டையை மாட்டிக்கொண்டு வந்து, "கிளம்பு, இங்கிலீஷுக்கு நீ வேணும்" என்றார் என் கணவர். அந்தத் தம்பதி எந்த ஹோட்டலில் தங்கியிருக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியும், ஏற்றிக்கொண்டு வந்தவர்தானே. இன்னும் நாலு நாள் இருப்போம் என்று வேனில் சொன்னதும் ஞாபகமிருந்தது. ரிவ்யூவை மாற்றச் சொல்லிக் கெஞ்சத்தான் போகிறோம் என்று நினைத்துக்கொண்டு, வழியெல்லாம் மனசுக்குள் நல்ல நல்ல வாக்கியங்களாக அடுக்கினேன்.

அவர்கள் வரவேற்பறைக்கு இறங்கி வந்தார்கள். அந்தப் பெரியவர் கையைக்கூட நீட்டவில்லை. நான் தொண்டையைச் சரிசெய்து, எங்கள் பாஷையில் ஒரு வழக்கம் இருக்கிறது என்று ஆரம்பித்தேன். அதற்குள் என் கணவர், பேசாத அந்த மனுஷன், ஒரு அடி முன்னால் போய்விட்டார்.

"சார். மேடம். ஐ சே, ஐ கம்." மூச்சு வாங்கினார். "நௌ ஐ கம். சாரி, வெரி லேட்."

 பிறகு அந்த அம்மா தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு சிரிக்க ஆரம்பித்தார். அதற்குப் பிறகுதான் நான் வழக்கத்தை விளக்கினேன். போகிறேன் என்று சொன்னால் திரும்பி வராதவன் பேச்சாகிவிடும், அதனால் போய் வருகிறேன் என்போம், யாரிடமும், எப்போதும், அப்படித்தான் என்றேன். பெரியவர் கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில் அவர் சொன்னதுதான் என்னை உலுக்கிவிட்டது.

"டாக்சி பிடித்துப் போகலாம் என்று இவள் அப்போதே சொன்னாள். நான்தான் கூடாது என்றேன். இந்த ஆள் வருகிறேன் என்றால் வருவார், நாம் போய்விட்டால் நம்மைத் தேடுவார் என்றேன். நேரமாக ஆக, வழியில் இவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பயந்தேன். மறுநாள் ஹோட்டல் வாசலில் இவர் வேன் வேறு யாரையோ ஏற்றிக்கொண்டு போவதைப் பார்த்தேன். அதன் பிறகுதான் இவள் அதை எழுதினாள்."

ஒரே ஒரு நாள் வண்டியில் உட்கார்ந்தவர், அதுவும் வாய் திறக்காத மனுஷனுடைய வண்டியில், என் வீட்டுக்காரரை இவ்வளவு சரியாக எடைபோட்டிருக்கிறார். எனக்குச் சந்தோஷமாகவும் இருந்தது, பொறாமையாகவும் இருந்தது. சொன்னதை மொழிபெயர்த்துச் சொன்னபோது என் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

மறுநாள் காலையில் அவர்களைப் பசியாறக் கூட்டிப்போனோம். அதற்கு மறுநாள் விமான நிலையத்துக்கும் அவர்தான் கொண்டுபோய் விட்டார். நானும் கூடப் போனேன். வண்டியில் பேச்சோடு பேச்சாக, இந்தக் காலத்தில் ரிவ்யூ எவ்வளவு முக்கியம் தெரியுமா என்று இழுத்தேன். கண்ணாடியில் என் கணவர் ஒரு பார்வை பார்த்தார். வாயை மூடிக்கொண்டேன்.

ஒரு வாரம் கழித்து அந்த அம்மா தளம் மூலமாக எனக்கு எழுதினார். ரிவ்யூவின் கீழே வார்த்தைகளைச் சேர்க்க முடிந்ததாம், நட்சத்திரத்தை மட்டும் மாற்ற விடவில்லையாம். பல முறை முயன்றேன், மன்னித்துவிடுங்கள் என்றிருந்தது. போய்ப் பார்த்தேன். பழையதை அழிக்காமல் அதன் கீழே எழுதியிருந்தார்:

"அவர் வந்தார். தாமதமாக, மனைவியையும் கூட்டிக்கொண்டு வந்தார். அவர்களுடைய மொழியில் யாரும் போகிறேன் என்று சொல்வதில்லையாம். என் கணவர் இவரைப் பற்றி நினைத்தது சரிதான். நான் கொடுத்த நட்சத்திரம்தான் தப்பு."

வாசித்துக் காட்டினேன். மறுபடியும் வாசிக்கச் சொன்னார். அதோடு சரி.

மனசு நிறைந்தாலும் வண்டி ஓட வேண்டுமே. தேடுகிறவர்களுக்கு முதலில் தெரிவது நட்சத்திரம்தான், கீழே இருக்கிற வரியா தெரியும்? பள்ளி விடுமுறை வந்தது, போனது. போன் ஒலிக்கவில்லை. கிள்ளான் துறைமுகத்தில் லோரி ஓட்ட ஆள் தேவை என்று நாத்தனாரின் கணவர் சொல்லிவிட்டிருந்தார். இந்த வயதில் போய் கன்டெய்னர் இழுப்பதா என்று எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அவர் ஒன்றும் சொல்லாமல் வேனைக் கழுவினார். கழுவி முடித்து, விற்கப்போவதாக விளம்பரம் போடச் சொன்னார். நான்தான் அதையும் தட்டினேன். "வண்டி சுத்தம்" என்று எழுதும்போது கை ஓடவே இல்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை கம்போங் மேடானிலிருந்து ஒருவர் பார்க்க வந்தார். பள்ளிப் பிள்ளைகளை ஏற்றிப்போக வேன் தேடுகிறவர். செந்தூலில் எங்கள் புளோக்குக்குக் கீழே இரண்டு பேரும் வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்தார்கள். நான் மேலே சமையலறை ஜன்னலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தவர் டயரை உதைத்துப் பார்த்தார். என்னையே உதைத்த மாதிரி எரிச்சலாக வந்தது. அப்போது போன் சத்தமிட்டது. தளத்திலிருந்து, யாரோ தெரியாதவர்.

"நாங்கள் ஐந்து பேர். எங்கே போனாலும் ஒற்றை நட்சத்திர ரிவ்யூக்களைத்தான் முதலில் படிப்போம், உண்மை அங்கேதான் இருக்கும். உங்கள் பக்கத்தில் ஒன்றுதான் இருக்கிறது. கடைசி வரைக்கும் படித்தோம். என் அம்மாவுக்கு மறதி நோய். கொஞ்ச நேரம் யாரும் கண்ணில் படவில்லை என்றாலும் தன்னை விட்டுவிட்டுப் போய்விட்டார்கள் என்று அழுவார். எங்களுக்கு அந்த டிரைவர்தான் வேண்டும். சனிக்கிழமை வருவாரா?"

லிப்டுக்குக் காத்திருக்கப் பொறுமை இல்லை. வீட்டுச் செருப்போடு மாடிப்படியில் ஓடினேன். கீழே போய்ச் சேர்ந்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை, இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக. போனை நீட்டினேன். அவர் கண்ணாடி இல்லாமல் கையைத் தூரமாக வைத்துக்கொண்டு, ஒவ்வொரு இங்கிலீஷ் வார்த்தையாக உதட்டை அசைத்துப் படித்தார். எந்த இடத்தில் நிறுத்தினார் என்று எனக்குத் தெரியும். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"என்ன பாஸ், பேசி முடிச்சுடலாமா?" என்று வந்தவர் கேட்டார்.

"மன்னிச்சுக்குங்க அண்ணே. வண்டி இல்லை."

"என்ன லா இது, வரச்சொல்லிட்டு இப்போ இல்லேங்கிறீங்க?"

"சனிக்கிழமை ஒரு அம்மாவைக் கூட்டிப்போகணும்" என்று என் கணவர் சொன்னார். அவரே தொடர்ந்து பேசினார். "அவங்களுக்கு நான் கண்ணுல தெரிஞ்சுகிட்டே இருக்கணும்."